வீட்டு ஆள் பறிக்கக் கூடாது

"எனக்கப்புறம் இவளை என்ன செய்யப்போறீங்க?"

"எதை?"

"எதைன்னு கேக்காதே. யாரைன்னு கேளு."

"சரி, யாரை?"

"மின்காவை."

"அதுக்குத்தான் தெருவுக்கு அந்தப் பக்கம் சொந்த வீடு இருக்கேப்பா. கூரை ஒழுகுதுன்னா ஓடு மாத்திக்கட்டும்."

"ஓடு மாத்தறதைப் பத்தியா நான் கேட்டேன்?"

ஆகஸ்ட் மாதத்துப் பேச்சு அது. அப்பா தோப்ரி ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். மகள் பிசெரா அவருக்காகத் தர்ப்பூசணியில் விதை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் கோழையாகி, இளஞ்சிவப்பாக முகவாயில் வழிந்தது. பிசெரா பையில் காகிதக் கைக்குட்டையைத் தேடினாள். அதற்குள் சமையலறையிலிருந்து மின்கா வந்தாள். வெறும் உள்ளங்கையால் அந்தக் கோழையை வழித்தாள். கையை மேலங்கியில் துடைத்தாள். பிறகு அதே கையால் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து அவர் வாயில் வைத்தாள்.

பிசெரா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். தட்டில் மீதி இருந்ததை அவள் தொடவில்லை. அப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டாள்.

அந்தக் கையைத்தான் இப்போது, இரண்டு மாதம் கழித்து, அவள் பின்வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தக்காளிச் செடிகளுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது அது. முழங்கை வரை கறுப்பும் பச்சையுமாகப் பிசின் அப்பியிருந்தது. செடி உரசினாலே ஒட்டிக்கொள்ளும் பிசின். சோப்புப் போட்டால் மஞ்சள் நுரையாக வடியும், ஆனால் போகாது. சின்ன வயதில் அம்மா அப்படிப் பிசின் ஒட்டிய கையோடு பிசெராவை மேசையில் உட்காரவே விடமாட்டாள்.

அப்பா விடியற்காலையில் போய்விட்டார். இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கூடத்தில் சவப்பெட்டி திறந்தபடி இருந்தது. தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் வந்து உடம்பைத் திராட்சை மதுவால் துடைத்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டையை மாட்டி, கண்ணாடிகள் மேல் துணி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அடக்கம் நாளை நண்பகல். மருந்து, மது, உருகும் மெழுகு, அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று என்று அந்த அறையின் வாடை பிசெராவின் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. அவ்வளவு நேரமும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து ஆழமாக இழுத்தால், மிதிபட்ட தக்காளிச் செடியின் காட்டமான பச்சை நெடி வந்து மோதியது.

பின்னாலேயே தோதா அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. கறுப்புத் துணியைத் தலையில் இழுத்துக் கட்டியிருந்தாள்.

"பாத்தியாடி? அந்தக் கூத்தைப் பாத்தியா? எங்கண்ணன் உடம்புல சூடு ஆறல. அதுக்குத் தக்காளி கேக்குது."

"ராத்திரி உறைபனி விழுமாம் அத்தை. மைனஸ் நாலுன்னு ரேடியோவுல சொன்னாங்க."

"விழட்டுமே! சாவு விழுந்த வீட்டுல செடியைத் தொடுவாங்களா? எங்கம்மா செத்தப்ப முட்டைக்கோஸ் பாத்தி முழுக்க உறைஞ்சு போச்சு. ஒருத்தர் ஒரு இலை கிள்ளல. கீழத்தெரு வங்கேல் பொண்டாட்டி கிள்ளினாளே, மாமியாரை உள்ள படுக்க வெச்சுட்டு! என்ன ஆச்சு? அந்த வருஷம் போட்ட ஊறுகாய் அத்தனையும் கொழகொழன்னு பாசி புடிச்சு மூடி தெறிச்சு, தெருவே நாறிச்சு. பன்னிகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

அந்த ஊரில் அப்படித்தான். ஒருவர் கண்ணை மூடியதிலிருந்து பெட்டி வாசலைத் தாண்டும் வரை அந்த வீட்டு ஆட்கள் மண்ணில் கை வைக்கமாட்டார்கள், செடியில் எதையும் பறிக்கமாட்டார்கள். பறித்தால் செத்தவரின் கையும் கூடவே வந்து பறிக்கும் என்பார்கள். பிசெரா மாவட்டத் தலைநகரில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். இதையெல்லாம் அவள் நம்புவதில்லை. ஆனாலும் இன்று ஒரு புதினா இலையைக் கிள்ளச் சொன்னால் கிள்ளியிருக்கமாட்டாள்.

"போய்ச் சொல்லு," என்றாள் அத்தை. "நான் போனா சண்டையாயிடும். உள்ள அண்ணன் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு."

பிசெரா இறங்கினாள். தோட்டம் பார்க்கவே சகிக்கவில்லை. கருகல் நோய் கண்ட இலைகள் கறுப்புக் கந்தலாகக் குச்சிகளில் தொங்கின. உதிர்ந்த பழங்கள் வெடித்துக் கிடந்தன. அவற்றின் மேல் ஓடில்லாத நத்தைகள் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த நாசத்துக்கு நடுவே மின்கா ஒரு குட்டிச் சந்தையே பரப்பியிருந்தாள். பழுத்தவை ஒரு பெட்டியில், பழுக்கத் தொடங்கியவை இன்னொன்றில், கல் போன்ற பச்சைக் காய்கள் மற்றவற்றில். பலகையின் மேல் செலரித் தழை, பார்ஸ்லி, சதகுப்பைப் பூங்கொத்து, திருநீற்றுப் பச்சிலை, அப்பாவுக்கு ரொட்டியும் உப்பும் இருந்தால் கூடவே வேண்டியிருந்த சுப்ரித்சாத் தழை. எல்லாம் பிடிபிடியாக நூலால் கட்டப்பட்டுத் தலைகீழாகக் கிடந்தன.

மின்கா ஒரு பழத்தை அழுத்திப் பார்த்தாள். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. சாறு மணிக்கட்டு வழியாக ஓடியது. பழத்தை வேலிப்பக்கம் எறிந்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்தாள்.

பிசெரா முகத்தைச் சுளித்துக்கொண்டாள். "என்ன பண்றீங்க?"

"பறிக்கிறேன்."

"இன்னிக்கா?"

"நாளைக்குன்னா கூழைத்தான் பறிக்கணும். உறைஞ்சு விட்டுச்சுன்னா எல்லாம் தொளதொளன்னு கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"அப்பா உள்ள கிடக்காரு."

"தெரியும். கண்ணை மூடிவிட்டது நான்தானே."

"அப்ப வழக்கமும் தெரிஞ்சிருக்கணுமே. வீட்டு ஆளுங்க பறிக்கக் கூடாது."

மின்கா இடுப்பில் கை வைத்து மெல்ல நிமிர்ந்தாள். சின்ன உருவம். நிமிர்ந்தாலும் பிசெராவின் தோள் உயரம்தான். "வீட்டு ஆளுங்கதானே கூடாது?" என்றாள். "நான் எந்த வீட்டு ஆளு?"

குரலில் கேலியோ கோபமோ இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல் கேட்டாள்.

"காலையில அவரைக் கழுவுறப்ப உங்க அத்தை என்னை வெளிய நில்லுன்னாங்க. கட்டின பொண்டாட்டியும் இல்ல, ரத்தமும் இல்ல, உனக்கு இங்க என்ன வேலைன்னாங்க. சரின்னு வெளிய நின்னேன். நின்ன இடத்துலேர்ந்து தோட்டம் தெரிஞ்சுது. இந்த வருஷம் அவரு ஜன்னல்ல சாஞ்சுக்கிட்டு, இங்க நடு, அங்க நடுன்னு சொல்லச் சொல்ல நான் நட்டது. நீ பறிக்க முடியாது, உன் தம்பி பறிக்க முடியாது. எனக்குத் தடையில்ல. அதான் பறிக்கிறேன்."

பிசெரா எரிச்சலோடு ஓர் அடி பின்வாங்கினாள். 

"கொஞ்சம் பாத்து நில்லும்மா," என்றாள் மின்கா. "காலுக்கடியில அழுகின பழம் ஒண்ணு கிடக்கு."

அதற்குள் மிதித்துவிட்டாள். காலணியின் ஓரத்தில் பிதுங்கி வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் புல்லில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். வாடை போகவில்லை.

அம்மா இறந்த அடுத்த வருஷம்தான் மின்கா இந்த வீட்டுக்குள் வந்தாள். ஒரு பெட்டியும் ஒரு தையல் மிஷினும் கொண்டுவந்தாள். அவளும் கணவனை இழந்தவள், எதிர்வீட்டுக்காரி. பதிவு செய்து கல்யாணமே பண்ணிக்கொள்கிறேன் என்று அப்பா இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கேட்டார். தம்பி ஒக்னியான் எழுந்து போய்விட்டான். பிசெரா போகவில்லை. "அம்மா படுத்த கட்டில்ல அதைப் படுக்க வெச்சுட்டு, எங்ககிட்ட கையெழுத்து வேற கேக்கறீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வந்தால் மின்கா சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் கோழிகளைப் பார்க்கப் போய்விடுவாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அப்படியே ஓடிவிட்டது.

கூடத்துக்குள் நுழைந்தபோது ஒக்னியான் சவப்பெட்டிக்குப் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலைநகரிலிருந்து காலையில்தான் வண்டி ஓட்டி வந்திருந்தான். ஜாடிக்குள் விரலை விட்டு ஊறிய மிளகாய் ஒன்றை இழுத்து, தலையை அண்ணாந்து வாயில் விட்டான். மணிக்கட்டில் ஓடிய வினிகரை நக்கினான். அது மின்கா போன வருஷம் போட்ட ஜாடி. அப்பாவின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்தது. அவன் கையால் விரட்டிவிட்டு அடுத்த மிளகாயைத் தேடினான்.

"கையைக் கழுவிட்டுச் சாப்பிடேன்டா."

"பசி அக்கா. நாலு மணி நேரம் வண்டி ஓட்டியிருக்கேன்."

குழி வெட்டுகிற கெர்ச்சோ வந்தான். தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்கு முன் கொஞ்ச நேரம் நின்றான். ஒக்னியான் அவனுக்கு ஒரு கிளாஸ் ராக்கியா சாராயம் ஊற்றினான். கெர்ச்சோ முதல் துளியைத் தரையில் சிந்திவிட்டுக் குடித்தான்.

"நல்ல மனுஷன்," என்றான். "எனக்கு வருஷா வருஷம் நாத்து குடுப்பாரு. காசு வாங்கமாட்டாரு. சரி, காலையில வெளிச்சம் வந்ததும் வெட்டிடுவோம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். உங்கம்மா குழிக்கும் கல்லறைத் தோட்டச் சுவருக்கும் நடுவுல இடம் தாராளமா கிடக்கு. அம்மாவை ஒட்டி வெட்டினா சுவர்ப்பக்கம் இன்னொண்ணுக்கு இடம் மிஞ்சும். என்ன செய்யட்டும்?"

"நடுவுல வெட்டு," என்றான் ஒக்னியான் மென்றுகொண்டே. "சரியா நடுவுல. ரெண்டு பக்கமும் யாருக்கும் இடம் மிஞ்சக் கூடாது. நாளைக்கு எவளாவது செத்து, எனக்கு இவர் பக்கத்துல இடம் இருக்குன்னு வந்து நிக்கக் கூடாது பாரு."

"சரியா சொன்னேடா," என்றாள் தோதா அத்தை.

பின்வாசலில் ஏதோ சத்தம் கேட்டது. மின்கா ஒரு தக்காளிப் பெட்டியை வராந்தாவில் இறக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவள் உள்ளே பார்க்கவில்லை. பெட்டியைக் காலால் சுவரோரமாகத் தள்ளினாள். காலி வாளியை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும் சத்தம் கேட்டது.

கெர்ச்சோ காலி கிளாஸுக்குள் பார்த்தான். "நடுவுல," என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பிசெரா ஏதாவது சொல்லியிருக்கலாம். காலையில் கேட்டிருந்தால் அவளே அதைத்தான் சொல்லியிருப்பாள். இப்போது தம்பியின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த மிளகாய்த் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

பொழுது சாய்ந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, உறைவதற்கான வானம். ஊர்ப் பெண்கள் விளக்கு வைத்த பிறகுதான் வந்து உட்காருவார்கள். பிசெரா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். பிணத்தைப் பூனை தாண்டினால் ஆகாது என்பார்கள், யாராவது கூடவே இருக்க வேண்டும். தரையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பின்வாசலிலிருந்து வாசல்வரை, பெட்டியைச் சுற்றிக்கொண்டு, காலணித் தடம். தடத்துக்குத் தடம் தக்காளித் தோலும் விதையும். அவள் காலணி இல்லை, பெரிய காலணி. பிணம் கிடக்கும் வீட்டைப் பெருக்கவும் கூடாது. அப்படியே கிடந்தது.

வெளியே வண்டியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிசெரா மெழுகுவத்தியைச் சரிசெய்துவிட்டு வாசலுக்குப் போனாள். ஒக்னியான் வண்டிக்குள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பச்சைக் காய்ப் பெட்டிகள் எல்லாம் ஏறிவிட்டன. பழுத்தவை இருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தான். தோதா அத்தை சுப்ரித்சாக் கட்டுகளை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து உறிஞ்சி, நல்லதாகப் பார்த்துத் தன் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது?"

"ராத்திரி வராந்தாவுல வெச்சா உறைஞ்சிடும் அக்கா. வண்டியில இருந்தா பத்திரம். என் பொண்டாட்டிக்குப் பச்சைத் தக்காளி ஊறுகாய்னா உயிரு."

"சாவு வீட்டுத் தக்காளிடா."

"நாம எங்க பறிச்சோம்? அது பறிச்சுது. அது வெளியாளு. தோஷமில்ல. என்ன அத்தை?"

"தோஷமில்ல," என்றாள் அத்தை. விரலை நாக்கில் நனைத்து இன்னொரு பையைப் பிரித்தாள்.

"மத்தியானம் அதுக்காகத்தானே அத்தை திட்டினீங்க?"

"திட்டினேன். திட்டாம? ஆனா பறிச்சது பறிச்சாச்சு. தூக்கியா போட முடியும்? அண்ணன் போட்ட விதை. உனக்கும் ரெண்டு கட்டு எடுத்து வெச்சிருக்கேன்டி, சும்மா மொறைக்காதே."

அத்தையின் மூக்கு நுனியில் குளிருக்கு ஒரு துளி தொங்கியது. அவள் அதைப் புறங்கையால் தேய்த்துவிட்டு, அதே கையால் ஒரு கட்டை நீட்டினாள்.

பிசெரா வாங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கண்முன் வந்தது. அப்பாவின் முதுகில் படுக்கைப்புண். கடையிலிருந்து நல்ல களிம்பும் கையுறையும் அவள்தான் கொண்டுவந்திருந்தாள். துணியைப் பிரித்ததுமே வாடை அறைந்தது. கையுறை போட்ட கை பாதியிலேயே நின்றுவிட்டது. "இருங்கப்பா, தண்ணி சுட வெச்சுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிக் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது மின்கா கட்டிலில் குனிந்திருந்தாள். மீதிக் கையுறைகள் தொடாமல் அலமாரியில் இருந்தன. வெறும் கையால் புண்ணின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே, எதிர்வீட்டுச் சேவல் யாரைத் துரத்தியது என்று ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வலியில் முனகிக்கொண்டே சிரித்தார். அன்றும் பிசெராவுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அந்தக் கை இனி ரொட்டி பிசையுமே என்றுதான் நினைத்தாள்.

இப்போதும் அதே குமட்டல்தான். ஆனால் கண்முன்னால் இருந்தது அத்தையின் விரலும் தம்பியின் காலணியும்.

"இறக்கு," என்றாள்.

"எதை?"

"பெட்டியை இறக்கு. எல்லாத்தையும். அதுல ஊறுகாய் போட்டா பாசி புடிக்கும்."

ஒக்னியான் சிரித்தான். "ஏன்?"

"வீட்டு ஆளு பறிச்சது."

அத்தையின் கை பைக்குள் அப்படியே நின்றது. "என்னடி உளர்றே?"

"உளறல. ரெண்டு வருஷமா அப்பாவோட பீ மூத்திரம் அள்ளினது யாரு அத்தை? நீங்களா? நானா? இவனா? வெளியாளு யாராவது வந்து அள்ளிட்டுப் போனாங்களா?"

"அதுக்காக…"

"வெளியாளுன்னா, அள்ளினதுக்கு நாம கூலி குடுத்தோமா? இல்ல, வீட்டு ஆளுன்னா வீட்டு ஆளு பறிச்சதுதான் உங்க பையில இருக்கு. எதுன்னு சொல்லுங்க. கீழத்தெரு வங்கேல் பொண்டாட்டி மாதிரி மூடி தெறிச்சா அப்புறம் என்கிட்ட வராதீங்க."

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் இதற்கெல்லாம் உண்மையாகவே பயப்படுகிறவள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கட்டுகள் வாசல் கல்லில் விழுந்தன. மூன்று விரலால் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அந்தக் கையையே பார்த்து, "ஐயோ, கையைக் கழுவணும்," என்று குழாயடிக்கு ஓடினாள்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?" என்றான் ஒக்னியான். "அம்மா இருந்த வீடு இது."

"தெரியும்டா. உன் காலைப் பாரு. அப்பாவைச் சுத்தி மிதிச்சு வெச்சிருக்கே. அவர் பக்கத்துல போய் உக்காரு. பூனை வரும்."

அவன் காலணியைத் தூக்கிப் பார்த்தான். தக்காளிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றான். வண்டிக்குள் வைக்கவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. பிசெரா காத்திருக்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தரையிலிருந்து குளிர் எழும்பிக் கணுக்காலைப் பிடித்தது. மின்கா கடைசி வரிசையில் இருந்தாள். பெரிய இளஞ்சிவப்புப் பழங்கள் காய்க்கும் வரிசை. அப்பா விதைக்கென்று தனியாக விட்டுவைப்பது. அவள் இப்போது பார்த்துப் பறிக்கவில்லை. தடவித் தடவி, கைக்குப் பட்டதைப் பறித்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குளிருக்காகவும் இருக்கலாம்.

பிசெரா பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"வாளியைக் கீழ வைங்க," என்றாள்.

"இந்த ஒரு வரிசைதான். முடிஞ்சுது."

"வேண்டாம். வைங்க கீழ."

"விதைப் பழம்மா இது. உறைஞ்சா…"

"உறையட்டும். வீட்டு ஆளுங்க பறிக்கக் கூடாது."

மின்காவின் கை இலைகளுக்குள்ளேயே நின்றது. அவள் திரும்பவில்லை. வேலிக்கு அப்பால் யாரோ கதவைச் சாத்தினார்கள். எங்கோ அடுப்பு பற்றவைத்த புகை வாடை வந்தது. பிடித்திருந்த பழத்தை அவள் பறிக்காமலே விட்டாள். காம்பு லேசாக ஆடியது. வாளியைக் கீழே வைத்தாள். பிறகு கையைத் துடைக்க இடம் தேடுவதுபோல் பாவாடையைப் பார்த்தாள், மேலங்கியைப் பார்த்தாள். எங்கும் துடைக்கவில்லை. இரண்டு கையையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்க," என்றாள் பிசெரா. "அவர் தலைமாட்டுல யாருமில்ல. ஒக்னியான் மட்டும்தான்."

"வரேன்."

ஆனால் அவள் நகரவில்லை. பிசெரா இரண்டடி போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் மின்கா. "ரொம்ப வருஷமா கேக்கணும்னு. அவரு இருக்கறப்பவே உன்கிட்ட கேக்கறேன்னேன். வேண்டாம், கேட்டா அவ முகத்தைச் சுளிப்பா, உன்னால தாங்க முடியாதுன்னாரு. நானே சமயம் பாத்துக் கேக்கறேன்னாரு. கேட்டாரா?"

"இல்ல."

"கேட்டிருக்கமாட்டாரு. பயந்தாங்கொள்ளி."

"என்ன கேக்கணும்?"

"கெர்ச்சோகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லணும்." குரல் தழைந்து, அடுக்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதுபோல் வந்தது. "நடுவுல வேண்டாம். உங்கம்மாவை ஒட்டியே வெட்டட்டும். நல்லா ஒட்டி. அவங்களுக்குக் குறை வைக்க வேண்டாம். அப்படி வெட்டினா சுவரோரமா கொஞ்சம் இடம் மிஞ்சும். ரொம்ப இருக்காது. எனக்கு அது போதும்மா."